பரமபதத்தைப் பைத்தானில் எழுதப் பழகுகிறீர்களா?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடும் பரமபதம், புரோகிராமிங் பழகுகிறவர்களுக்கு அருமையான முதல் விளையாட்டு. காயை எங்கே நகர்த்துவது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. விழுகிற எண்ணும் பாம்பும் ஏணியுமே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. அதனால் கணினிக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்கும் கவலை இப்போதைக்கு இல்லை. 100 கட்டப் பலகையை வைத்துச் சில குறிப்புகள்:

1. முதலில் விதிகளை நோட்டில் எழுதிவிடுங்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்குமா? 98-இல் நிற்கும்போது ஐந்து விழுந்தால் என்ன? வீட்டுக்கு வீடு இவை மாறும். பாதி எழுதியபின் விதியை மாற்றினால் பல இடங்களில் கைவைக்க வேண்டிவரும்.

2. கட்டம் வரைவதில் ஆரம்பிக்காதீர்கள். புதிதாக எழுதுகிறவர்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். பலகை பத்துக்குப் பத்தாக இருந்தாலும், ஒரு காய் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல ஒரே ஓர் எண் போதும். இறங்காத காய்க்கு 0, பழம் எடுத்த காய்க்கு 100. “முதல் ஆள் 27-க்கு வந்தார்” என்று வெறும் வரிகளாகவே ஆட்டம் முழுவதும் ஓடி முடியட்டும். படத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

3. பாம்புக்கும் ஏணிக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டாம். ஒரே டிக்ஷனரியில் 4-க்கு 14, 87-க்கு 24 என்று எழுதினால் போதும். எண் கூடினால் ஏணி, குறைந்தால் பாம்பு.

4. போய்ச் சேரும் கட்டம் எதுவும் இன்னொரு பாம்பின் தலையாகவோ ஏணியின் அடியாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5-லிருந்து 25-க்கு ஏணி, 25-லிருந்து 5-க்குப் பாம்பு என்று வைத்து, அதை லூப்பில் சோதித்தால் காய் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், புரோகிராம் நிற்காது.

5. தாயக்கட்டை உருட்டி ஆடுகிற வீடு என்றால், ஒன்று முதல் ஆறு வரை ஏதோ ஓர் எண்ணை எடுப்பது சரியாகாது. ஒவ்வொரு கட்டைக்கும் 0, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டையும் தனித்தனியே உருட்டிக் கூட்டுங்கள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. மொத்தம் 16 வகையாக விழலாம். அதில் மூன்று 4 வகையில் வரும், தாயம் 2 வகையில், ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகையில்தான். பன்னிரண்டு விழுந்தால் வீடே ஆரவாரம் செய்வது இதனால்தானே! இந்த அருமை கணினியிலும் இருக்கட்டும்.

6. இனிப் படம். கீழே இடது மூலையில் 1. முதல் வரிசை வலப்பக்கம் போகும், அடுத்தது இடப்பக்கம் திரும்பும். கட்ட எண்ணில் ஒன்றைக் கழித்துப் பத்தால் வகுங்கள். ஈவு வரிசை, மீதி அந்த வரிசையில் இடம். இரண்டும் 0-விலிருந்து எண்ணப்படும். பைத்தானில் ஈவுக்கு //, மீதிக்கு %. ஈவு ஒற்றைப்படை என்றால் மீதியை 9-லிருந்து கழியுங்கள். 34-ஐப் பாருங்கள்: 33-ஐ வகுத்தால் ஈவு 3, மீதி 3, ஒற்றைப்படை வரிசை, ஆகவே இடம் 6. 27-க்கு ஈவு 2, மீதி 6. இரட்டைப்படை, அப்படியே 6. ஆக 34, 27-க்கு நேர் மேலே. இந்த இரு வரிசைகளில் மேலும் கீழுமாக உள்ள எந்த ஜோடியைக் கூட்டினாலும் 61 வரவேண்டும். வராவிட்டால் கணக்கில் பிசகு. திரை மேலிருந்து கீழே அச்சிடும் என்பதால் 9-ஆம் வரிசையில் தொடங்கி 0-வில் முடியுங்கள்.

7. பிழை தேடும்போது ரேண்டம் எண்களுக்கு ‘சீட்’ கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண்கள் விழும். தவறு நடந்த இடத்துக்கே திரும்பிப் போகலாம்.

8. எழுதி முடித்ததும் கணினியே 1,000 ஆட்டம் ஆடட்டும். எந்தக் காயாவது 100-ஐத் தாண்டியதா, எந்த ஆட்டமாவது முடியாமல் ஓடியதா என்று பாருங்கள். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை உருட்டல் என்றும் எண்ணுங்கள். பாம்பைக் கூட்டவும் குறைக்கவும் அந்த எண்ணே வழிகாட்டும்.

9. அடுத்து எக்ஸ்-ஓ ஆட்டம் எழுதலாம். அதற்கு நிஜமாகவே மூன்றுக்கு மூன்று பட்டியல் தேவை. ஒரு வரிசையை உருவாக்கி அதை மூன்றால் பெருக்கிப் பலகை ஆக்காதீர்கள். பைத்தான் அதே வரிசையைத்தான் மூன்று முறை காட்டும். ஒரு கட்டத்தில் எக்ஸ் போட்டால் மூன்று வரிசையிலும் விழும். ஒவ்வொரு வரிசையையும் லூப்புக்குள் புதிதாக உருவாக்குங்கள்.