ஞாயிற்றுக்கிழமை வதக்குங்கள், வாரம் முழுக்கக் குழம்பு

கேள்வி:

கோலா தெர்லாவிலிருந்து எழுதுகிறேன். காய்கறியைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் கொட்டகையில் எனக்கு வேலை. கணவர் லோரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார், நாங்கள் இருவர் என்று வீட்டில் ஐந்து பேர். மாலை ஆறரைக்கு வீடு வந்து சேர்ந்தால், ஏழரைக்குள் சோறும் குழம்பும் ஆகவேண்டும். அவசரத்தில் வைக்கிற குழம்பில் கறித்தூளின் பச்சை வாடை போவதே இல்லை. தேங்காய்ப்பால் திரிந்துபோகிறது. பருப்போ வேகவே மாட்டேன் என்கிறது. பாட்டிலில் விற்கும் கறி மசாலாவை வாங்கிப் பார்த்தேன். இனிக்கிறது, விலையும் கட்டுப்படியாகவில்லை. ஒரே நாளில் மசாலாவை வதக்கி வைத்துக்கொண்டு வாரம் முழுக்கப் புழங்க வழி உண்டா? மாமியார் மட்டும், "வதக்கி வச்ச மசாலா பழசு, உடம்புக்கு ஆகாது" என்கிறார். அவரும் ஒத்துக்கொள்ளும்படி பதில் எழுதுங்கள் அக்கா.

– ஒரு வாசகி, கோலா தெர்லா, கேமரன் மலை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வழி உண்டு. பச்சை வாடை, திரிந்த பால், வேகாத பருப்பு என்று மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. அவசரம் ஒரு காரணம், நீங்கள் குடியிருக்கும் மலை இன்னொரு காரணம்.

முதலில் மலையைப் பார்ப்போம். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீரும் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். உங்கள் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். கோலா தெர்லாவிலும் ஒன்றிரண்டு டிகிரி முன்பின் அதே கதைதான். மலைக்குக் கீழே ஈப்போவில் வைக்கும் குழம்பு கொதிப்பதைவிட உங்கள் குழம்பு சூடு குறைவாகவே கொதிக்கிறது. எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அந்தச் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும்.

எண்ணெய்க்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மலையிலும் அது 150 டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். அதனால் மலைச் சமையலுக்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான்: மசாலாவைத் தண்ணீரில் வேகவிடாதீர்கள், எண்ணெயில் வேகவிடுங்கள். மிளகாயின் சிவப்பு, மஞ்சளின் நிறம், காரம், மணம் எல்லாமே எண்ணெயில் கரைபவை. வெங்காயம் பாதி வதங்கியதும் தூளைப் போட்டு, உடனே தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால், அந்தத் தூள் கடைசிவரை பச்சையாகவே நிற்கும். உங்கள் குழம்பின் வாடைக்குக் காரணம் இதுதான்.

எண்ணெயில் பொறுமையாக வதக்க ஒரு மணி நேரம் வேண்டும். வேலை நாளில் அது உங்களிடம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. கோழிக் குழம்போ, முட்டைக் குழம்போ, கிழங்குக் குழம்போ, அந்த ஒரு மணி நேர வேலை எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதை மட்டும் ஒரே மூச்சில் முடித்துவைத்துக்கொண்டால், மற்ற நாள்களில் ஏறக்குறைய அரை மணியில் குழம்பு இறங்கிவிடும்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, சமைத்த குழம்பை நாள்கணக்கில் வைத்துச் சாப்பிடச் சொல்லவில்லை. குழம்பை அன்றன்றைக்கே வைக்கிறோம். வதக்கும் வேலையை மட்டும் முன்கூட்டி முடிக்கிறோம். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போன தலைமுறைக்கு, முதல்நாள் இரவே அம்மியில் மசாலாச் செலவு அரைத்துவைப்பது தெரியாத விஷயமா? சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் அரைத்த மசாலாவைக் குழைத்து எடைபோட்டு விற்பவர்களிடம் வாங்கிச் சமைத்த குடும்பங்கள் எத்தனையோ. இங்கிலாந்தில் வங்கதேசத்துச் சில்ஹெட் பகுதிக்காரர்கள் நடத்தும் கறிக் கடைகளிலும் இதே வழக்கம்தான். பெரிய அண்டாவில் வெங்காயச் சாற்றைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, ஆள் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு கறியையும் தனித்தனியாக முடித்துக் கொடுப்பார்கள்.

வேண்டிய பொருள்கள் (ஐந்து பேருக்கு, ஐந்து வேளைக்கு)

பெரிய வெங்காயம் 1 கிலோ
பழுத்த தக்காளி 750 கிராம்
கேரட் 1 (நடுத்தர அளவு)
பூண்டு 100 கிராம், இஞ்சி 75 கிராம், சேர்த்து அரைத்தது
மீட் கறித்தூள் 8 மேசைக்கரண்டி
மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி
எண்ணெய் 200 மில்லி
பட்டை 2 துண்டு, கிராம்பு 5, ஏலக்காய் 5, அன்னாசிப்பூ 2, சோம்பு 1 தேக்கரண்டி
கறிவேப்பிலை 4 கொத்து
உப்பு 1 மேசைக்கரண்டி, தட்டையாக

எண்ணெய் கூடுதலாகத் தெரிகிறதா? இருபத்தைந்து சாப்பாட்டுக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 8 மில்லிதான். இதைக் குறைத்தால் மசாலா வதங்காது, அடிபிடிக்கும். கேரட்டைப் பார்த்து மாமியார் முகம் சுளிக்கலாம். அந்த இங்கிலாந்துக் கடைக்காரர்கள் போடுகிற பொருள்தான் இது. குழம்புக்குக் கெட்டித்தன்மையும் மெல்லிய இனிப்பும் தரும். வெங்காயம் விலை ஏறும்போது கைகொடுக்கும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி, 2024 மே மாதம்தான் மறுபடி திறந்துவிட்டது. அதுபோன்ற காலத்தில் வெங்காயத்தில் கால் பங்கைக் குறைத்து, இன்னும் இரண்டு கேரட் சேர்க்கலாம். உங்கள் ஊரில் உடைந்த கேரட்டுக்குப் பஞ்சமா என்ன!

செய்முறை

அகலமான, அடி கனமான சட்டி வையுங்கள். எண்ணெய் காய்ந்ததும் பட்டை வகையறாவையும் சோம்பையும் பொரியவிட்டு, கறிவேப்பிலையைப் போடுங்கள். நறுக்கிய வெங்காயத்தையும் துருவிய கேரட்டையும் உப்போடு சேர்த்துக் கொட்டுங்கள். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். உப்பு அதைச் சீக்கிரம் வெளியே இழுக்கும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு கொதிநிலையைத் தாண்டாது, வெங்காயமும் சிவக்காது. நடுத்தரத் தீயில் அரை மணி நேரம்வரை ஆகலாம். வெங்காயத்தைப் பச்சையாக அரைத்து ஊற்றினால் கசப்புத் தட்டும், வதங்கவும் நேரம் பிடிக்கும். நறுக்கியே போடுங்கள்.

வெங்காயம் பொன்னிறம் தாண்டிச் சிவக்கத் தொடங்கியதும் இஞ்சி பூண்டு விழுதைச் சேர்த்து மூன்று நிமிடம் கிளறுங்கள். அடுத்தது கறித்தூள். தூளை அப்படியே சூட்டில் கொட்டினால் நொடியில் கருகிக் கசக்கும். ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளோடு சேர்த்து, தண்ணீர் விட்டுத் தோசைமாவுப் பதத்தில் குழைத்து ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் வற்றும்வரை தூள் கருகாது. வற்றியபின் எண்ணெயில் பொரியும். எட்டுப் பத்து நிமிடம் விடாமல் கிளற, நிறம் கறுஞ்சிவப்பாகி வாசனை மாறும். பச்சை வாடை போவது இந்தக் கட்டத்தில்தான். இதைச் சுருக்கினால் அப்புறம் எதனாலும் ஈடுகட்ட முடியாது.

கடைசியில் தக்காளி. அது குழைந்து, வற்றி, மசாலா சட்டியின் ஓரத்தைவிட்டு விலகி, சுற்றிலும் எண்ணெய் மிதக்கவேண்டும். எண்ணெய் பிரிந்தால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். இறக்கிவைத்துப் பட்டை, அன்னாசிப்பூவைப் பொறுக்கிவிட்டு, பாதியை அரைத்து மீதியோடு கலந்துவிடுங்கள். ஏறத்தாழ ஒரு கிலோ தேறும்.

தேங்காய்ப்பால், புளி, உருளைக்கிழங்கு மூன்றையும் இதில் சேர்க்கக்கூடாது. தேங்காய்ப்பால் சீக்கிரம் கெடும், உறைந்து உருகினால் பிரியும். கிழங்கு உறைந்தால் சக்கையாகிவிடும். புளி சேர்த்துவிட்டால் பருப்புக்கும் பால் குழம்புக்கும் அந்த மசாலா உதவாது.

எடுத்துவைப்பது

ஐந்து சின்ன டப்பாக்களில் பங்கு போடுங்கள். மூன்று ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில், இரண்டு ஃபிரீசரில். கீழே வைத்தது மூன்று, நான்கு நாள் தாங்கும். உறையவைத்தது இரண்டு மாதம்வரை நன்றாக இருக்கும். வியாழக்கிழமைக்கு வேண்டியதைப் புதன் இரவே கீழே இறக்கிவிடுங்கள்.

மலைவாசிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. இரவு குளிர்கிறதே என்று சட்டியைக் கரியடுப்பு மேடையிலோ ஜன்னலோரத்திலோ மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். கேமரன் மலையின் இரவுக் குளிர் 15 டிகிரி அளவுதான். கிருமிகள் பெருகுவதற்கு 5 டிகிரிக்குமேல் இருந்தாலே போதும். மலைக்குளிரை ஃபிரிட்ஜாக நினைக்கவேண்டாம். வதக்கிய மசாலாவை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். மாமியாரின் "உடம்புக்கு ஆகாது" என்ற பயத்துக்கு இந்த ஒழுங்குதான் பதில்.

வாரநாள் குழம்புகள்

ஒரு டப்பா மசாலாவுக்கு இரண்டரைக் குவளை தண்ணீர் கணக்கு. சட்டியில் மசாலாவைச் சுடவைத்து எண்ணெய் கசிந்ததும், அன்றைய பொருளைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கோழி என்றால் அரை மணி நேரம் மூடி வேகட்டும். அவித்த முட்டையைக் கீறிப் போட்டால் பத்து நிமிடம். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் வாசலிலேயே கிடைக்கிற ஊர் உங்களுடையது. கிழங்குக் குழம்பில் கிழங்கு பாதி வெந்தபின் இவற்றைச் சேருங்கள், குழையாது. மீன் குழம்புக்குத் தனி மசாலா வேண்டாம். ஒரு சிட்டிகை வெந்தயமும் கறிவேப்பிலையும் புதிதாகத் தாளித்து, புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை மிளகாய் இரண்டைக் கீறிப்போட்டால் மீட் கறித்தூளே மீனுக்கு வளைந்துகொடுக்கும். கையில் ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு சார்டின் டின் போதும். அதில் தக்காளிச் சாறு ஏற்கெனவே இருப்பதால் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். மீன் உடையாமல் ஐந்து நிமிடத்தில் இறக்கலாம்.

பருப்பு வேகாத சிக்கல்

95 டிகிரித் தண்ணீரில் துவரம் பருப்பைத் திறந்த சட்டியில் வேகவைப்பது வீண் போராட்டம். குக்கர் அழுத்தத்தைக் கூட்டுவதால் உள்ளே சூடு ஏறக்குறைய 118 டிகிரிவரை ஏறும். சமவெளிக் குக்கரைவிட இரண்டு மூன்று டிகிரிதான் குறைவு. அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். தக்காளியும் புளியும் பருப்பு மசிவதைத் தடுக்கும். பருப்பு முழுதாக மசிந்தபிறகுதான் மசாலாவைச் சேர்க்கவேண்டும். அவசர நாளுக்கு மைசூர் பருப்பை வைத்துக்கொள்ளுங்கள். அது குக்கர் இல்லாமலே வெந்துவிடும். நீண்டநாள் கிடந்த பழைய பருப்பு எந்த ஊரிலும் லேசில் வேகாது, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

தேங்காய்ப்பால் திரிவது

தேங்காய் உங்கள் மலையில் காய்ப்பதில்லை, கீழிருந்து ஏறிவர வேண்டும். அதனால் பெட்டிப் பால்தான் வசதி. அதில் பிரியாமல் இருக்கச் சேர்மானம் கலந்திருப்பதால், புதிதாகப் பிழிந்த பாலைவிடத் தாக்குப்பிடிக்கும். எந்தப் பாலானாலும் கடும் கொதியும் புளிப்பும் சேர்ந்தால் திரியும். காயோ கறியோ முழுதாக வெந்து, உப்பும் புளிப்பும் சரிபார்த்தபின், தீயைச் சிறுத்து 100 மில்லி ஊற்றி, மூடாமல் மூன்று நிமிடம் வைத்து இறக்குங்கள். பால் இல்லாத நாளில், சர்க்கரை சேர்க்காத டின் பால் கால் குவளை போதும்.

பாட்டில் மசாலா இனிக்கிறது என்றீர்களே, லேபிளில் பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். முதல் நான்கு பெயருக்குள் சர்க்கரை இருந்தால் வாங்காதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை, முதல் சட்டியை மாமியாரையே கிளறச் சொல்லுங்கள். எண்ணெய் பிரியும் பதம் அவர் கண்ணுக்குத்தான் சரியாகப் பிடிபடும்.