சீட்டுப் பார்க்கும் தங்கைக்கு



அம்பாங்கில் நீ குடியிருக்கும் அடுக்ககத்துக்கு, காலஞ்சென்ற ஒரு பெரியவருடைய பிள்ளைகள், தங்கள் தந்தையார் ஆயுட்காலம் முழுவதும் சேர்த்துவைத்திருந்த டாரட் சீட்டு நூல்களையும் மேலைநாட்டுக் குப்த சாஸ்திரங்களைப் பற்றிய தொகுதிகளையும் லோரியில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள் என்றும், அண்மையில்தான் சீட்டுப் பார்ப்பதைத் தொழிலாக மேற்கொண்ட உனக்கு அவற்றைக் கண்டதும் ஆனந்தமும் அச்சமும் ஒருங்கே உண்டாயின என்றும் எழுதியிருந்தாய். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்ற உன் கேள்விகள் இத்துறையில் இறங்கும் பிறருக்கும் உரியவை என்பதால், பதிலைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில், எதையும் கழித்துவிடாதே. ஒருவர் தேடித் தேடிச் சேர்த்த தொகுப்பில், தனித்தனி நூல்களின் மதிப்பைக் காட்டிலும் அவை ஒருங்கே இருப்பதன் மதிப்பே பெரிது. எந்த ஆண்டில் எதை வாங்கினார், எந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் கோடிட்டார், எதைப் பாதியில் நிறுத்தினார் என்பனவெல்லாம் சேர்ந்துதான், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஒரு தமிழர் இந்த வித்தையைத் தமதாக்கிக்கொள்ள முயன்ற சரித்திரத்தைச் சொல்லும். ஆகவே ஒரு பதிவேடு போடு. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பான ஊர், ஆண்டு இவற்றோடு, உள்ளே கிடைத்த ரசீது, துண்டுத்தாள் எதுவாயினும் அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் குறித்துவை. அத்தாள்களில் யாரேனும் ஒருவருடைய பிறந்த தேதியும் குடும்ப வருத்தமும் எழுதப்பட்டிருக்குமானால், மேலே வாசிக்காமல் உறையிலிட்டு ஒட்டிவிடு. பெரியவரை நம்பி ஒருவர் சொன்ன துயரம் நூல்களோடு சேர்த்து உனக்குத் தானமாக வரவில்லை.

நம் ஊரின் ஈரக்காற்றில் காகிதத்துக்குப் பகை பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்து. புத்தகங்களை நெருக்கித் திணிக்காதே. பத்திரம் என்று நினைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால், உள்ளே அகப்பட்ட ஈரமே பூஞ்சணத்தை வளர்த்துவிடும்.

இனி வாசிக்கும் முறை. நூல்களை ஆசிரியரின் கீர்த்தியை வைத்து அடுக்காமல், முதற்பதிப்பு வந்த ஆண்டை வைத்து அடுக்கு. அப்படி அடுக்கிப் பார்த்தால், டாரட் சீட்டுகளின் உண்மையான வயது தானே விளங்கும். அவை பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் மாளிகைகளில் பொழுதுபோக்காக ஆடப்பட்ட ஆட்டச்சீட்டுகள். குறி சொல்லும் கருவியாக அவை பரவலானது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். 1781ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அறிஞர் கூர் த ஜெபலான், இவை பண்டைய எகிப்திய ஞானிகள் மறைத்துவைத்த நூலின் ஏடுகள் என்று அறிவித்தார். எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கும் வழியை ஷாம்போலியோன் வெளியிட்டதோ 1822ஆம் ஆண்டில். அதாவது, அந்நாட்டு எழுத்தில் ஒன்றைக்கூட எவரும் வாசிக்க இயலாதிருந்த காலத்தில் எழுந்த கூற்று அது. பின்னர் எலிபாஸ் லெவி, 1850களில், 22 பெருஞ்சீட்டுகளை எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு இணைத்தார். 1888ஆம் ஆண்டில் லண்டனில் எழுந்த ‘கோல்டன் டான்’ என்னும் இரகசியச் சங்கம் அவ்விணைப்பின்மீது சோதிடத்தையும் ஏற்றி ஒரு பெருங்கட்டடத்தையே எழுப்பியது. இந்தச் சரித்திரத்தை ஆதாரங்களோடு நிறுவியவர் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மட். 1980ஆம் ஆண்டில் வந்த அவருடைய பெருநூல் உன் பெட்டிகளில் இருந்தால், அதை முதலில் எடு.

இதைக் கேட்டு உன் கலை சிறுத்துப்போயிற்று என்று வருந்தாதே. நீ நாள்தோறும் விரிக்கும் சீட்டுகளுள் ஏதேனும் ஒன்றை எடுத்து, படத்தின் கீழ்மூலையைக் கூர்ந்து பார்: பாம்புபோல் நெளிந்த சிறியதொரு கையெழுத்துத் தெரியும். அது பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியரின் முத்திரை. ‘கோல்டன் டான்’ சங்கத்தைச் சேர்ந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, 1909ஆம் ஆண்டில் ஸ்மித்தே 78 சீட்டுகளையும் வரைந்தார். அதற்குமுன் பெரும்பாலும் வாளும் கிண்ணமும் கோலும் காசுமாக எண்ணிக்கை மட்டும் காட்டிவந்த சிறுசீட்டுகளில், துயில் கலைந்து முகத்தைக் கைகளால் மூடியிருக்கும் பெண்ணையும், பனியில் நொண்டி நடக்கும் ஏழைகளையும் தீட்டி, அவற்றுக்கு மனித முகத்தைக் கொடுத்தவர் அவர். பெரிய வேலையொன்றைச் சொற்பக் கூலிக்கு முடித்ததாக அவ்வாண்டிலேயே நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1951ஆம் ஆண்டில் வறுமையில் காலமானார். நெடுங்காலம் அந்தச் சீட்டுக்கட்டு பதிப்பாளர் பெயராலும் வெயிட்டின் பெயராலுமே வழங்கிற்று. எகிப்து ஞானிகளுக்குச் செலுத்தும் வணக்கத்தை இந்தப் பெண்ணுக்குச் செலுத்து என்பதே நான் உனக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான வார்த்தை.

மேலைநாட்டு வித்தை என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைக்கொண்டு, நமக்கு அதில் சம்பந்தமில்லை என்றும் எண்ணிவிடாதே. ‘கோல்டன் டான்’ சங்கத்தின் ஆலன் பென்னட், ஆஸ்துமாவால் நலிந்து இலங்கைக்கு வந்தபோது, அப்போது சொலிசிட்டர் ஜெனரலாயிருந்த பொன்னம்பலம் இராமநாதனுடைய புதல்வர்களுக்கு ஆசிரியராக அமர்ந்து, அந்தத் தமிழ்ச் சைவரிடமே யோகம் பயின்றார்; 1901ஆம் ஆண்டில் மந்திர நூலாசிரியரான அலிஸ்டர் கிரௌலி கண்டிக்கு வந்து பென்னட்டிடம் அதைக் கற்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் யோகப் பயிற்சி, இப்படிச் சுற்றிச் சென்று, லண்டனில் அச்சான மந்திர நூல்களாக உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. கிரௌலியின் நூல்களை மட்டும் விழிப்போடு வாசி. அவருடைய கல்வி பெரிது, ஆனால் தம்மை நம்பி வந்தவர்களுக்கு அவர் விளைத்த துன்பமும் சிறிதன்று.

இத்தொகுப்பு கடைசியில் எங்கே சேரவேண்டும் என்பதையும் இப்போதே யோசித்துவை. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சங்கத்துக் கர்னல் ஆல்காட் 1886ஆம் ஆண்டில் தொடங்கிய நூல்நிலையத்தில், அச்சங்கத்தாரின் மேலைநாட்டு நூல்களும் சமஸ்கிருத, தமிழ்ச் சுவடிகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. கிரௌலியின் சீடராயிருந்து விலகிய ஜெரால்டு யார்க், விலகிய பின்னரும் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, லண்டன் வார்பர்க் ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்தார். நம்பிக்கை போனபின்பும் காகிதத்தைக் காப்பாற்றிய அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அஞ்சடி நடைபாதையில் கிளியை வைத்துச் சீட்டெடுக்கும் சோதிடர்களைக் கண்டிருப்பாய். அவர்கள் முன் குந்தியிருப்பவர்களும், உன் மேசைக்கு முன் அமர்பவர்களும் கேட்பது ஏறத்தாழ ஒன்றே: வேலை நிலைக்குமா, மகள் திரும்பி வருவாளா, இந்தக் கட்டி ஆபத்தா. ஆகவே அந்தச் சோதிடர்களைவிட உன்னை உயர்ந்தவளாக எண்ணாதே; மருத்துவரிடம் போகவேண்டியவரைச் சீட்டைக் காட்டி நிறுத்திவைக்காதே; தோஷம் கழிக்கிறேன் என்று சொல்லி, கேட்ட கூலிக்குமேல் ஒரு வெள்ளியும் வாங்காதே. முஸ்லிம் அன்பர் எவரேனும் வந்தால், அவருடைய மார்க்கம் குறி கேட்பதை விலக்கியிருக்கிறது என்பதை நினைவிற்கொண்டு மரியாதையோடு மறுத்துவிடு. படங்கள் எவ்வளவு பழையவை என்று எவரேனும் கேட்டால், 1909 என்று சொல். கேட்டவர் ஏமாற்றமடைந்தால் அடையட்டும்.

பதிவேடு முடிந்ததும் 1940ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நூல்களின் பட்டியலை மாத்திரம் எனக்கு அனுப்பு. ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் இராமநாதன் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு எழுதிய உரைகள் அவற்றுள் இருக்கக்கூடும் என்று எனக்கு ஓர் ஆசை. இருந்தால், யார் கேட்டாலும் இரவல் கொடுத்துவிடாதே.

இங்ஙனம்,
உன் அண்ணன்