ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு நாள் மூச்சு

நெல்லியாம்பதி மலைக்குப் போகும் வழியில் நென்மாறா என்ற ஊர் வரும். பாலக்காடு மாவட்டத்து ஊர். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் இந்த ஊர்க்காரர். விமானப்படை அதிகாரி.

ககன்யான் என்பது இந்தியாவின் விண்வெளிப் பயணத் திட்டம். அதற்கு நால்வர் தேர்வானார்கள். 2024 பிப்ரவரி 27 அன்று அவர்கள் பெயர்களைத் திருவனந்தபுரத்தில் அறிவித்தார்கள். பிரசாந்த் அந்த நால்வரில் ஒருவர். இன்னொருவர் சுபான்ஷு சுக்லா. அவர் 2025 ஜூன் 26 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்தார். 18 நாள்கள் தங்கினார்.

அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. அங்கே வெளியில் சுவாசிக்கக் காற்று கிடையாது. அப்படியானால் மூச்சு விடுவது எப்படி?

நாம் உயிர் வாழப் பிராணவாயு வேண்டும். இதை ஆக்சிஜன் என்றும் சொல்வோம். உருளையில் அடைத்துக் கொண்டு போகலாம். சில நாள்களுக்கு அது போதும். மாதக்கணக்கில் தங்கினால்? அப்போது தண்ணீர் கை கொடுக்கிறது.

தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்திருக்கின்றன. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் இரண்டும் பிரியும். இதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர்.

இடுக்கி அணையில் தண்ணீர் மின்சாரம் தருகிறது. விண்வெளியில் மின்சாரம் தண்ணீரைப் பிரித்து மூச்சுக்காற்று தருகிறது. அந்த மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து கிடைக்கிறது.

9 கிலோ தண்ணீரில் 8 கிலோ ஆக்சிஜன் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் ஆக்சிஜன் தேவை. அதற்கு ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் போதும். ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும். ஆகவே அதைத் தனியே பிரித்து எடுக்கிறார்கள்.

நிலையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகக் கூடாது. வியர்வையைப் பிடிக்கிறார்கள். சிறுநீரையும் சுத்தம் செய்கிறார்கள். கிடைத்த தண்ணீரைக் குடிக்கிறார்கள். அதிலிருந்தே ஆக்சிஜனும் எடுக்கிறார்கள்.

2004-இல் ஆக்சிஜன் தரும் கருவி பழுதானது. அப்போது நிலையத்தில் இருவர் இருந்தனர். சேமித்து வைத்த ஆக்சிஜன் அவர்களைக் காப்பாற்றியது. கருவியை அவர்களே பழுது பார்த்தார்கள். அதனால்தான் விண்வெளி வீரர் பழுது பார்க்கவும் கற்க வேண்டும்.

எச்சரிக்கை: வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்து பார்க்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

விடை சொல்லுங்கள்

1. தண்ணீரில் உள்ள இரண்டு வாயுக்கள் எவை?
2. 3 பேர் 10 நாள்கள் சுவாசிக்க ஏறத்தாழ எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்?
3. உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரை மறுபடியும் பயன்படுத்தலாம்? கூடிப் பேசுங்கள்.