எழுபது பேரும் ஒரு பென்சிலும்

திருவாலங்காடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் வகுப்பில் உதவி செய்யும் பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டி, மாதக் கடைசியில் பரிசு கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். நோக்கம் நல்லது, பரிசை மட்டும் விட்டுவிடு. 2008-இல் வார்னிக்கன், தொமாசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் இருபது மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். பெரியவர் தவறவிட்ட பொருளைக் குழந்தைகள் தாமாகவே எடுத்துக் கொடுத்தன. அதற்குப் பரிசுப் பொருள் வாங்கிய குழந்தைகள் மட்டும் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டன. வெறும் பாராட்டுப் பெற்றவை குறைக்கவில்லை. குணம் ஏற்கெனவே இருக்கிறது, தம்பி. விலை வைத்தால் அது கூலியாகிவிடும்.

'வீட்டில் வராதது பள்ளியிலா வரும்?' என்பார்கள். ஓர் ஆய்வில், கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை வாரம் மூன்று நல்ல செயல்கள் வீதம் நான்கு வாரம் செய்யச் சொன்னார்கள். அவர்களோடு சேர விரும்பிய வகுப்புத் தோழர்களின் எண்ணிக்கை கூடியது. ஆக, பழக்கினால் வரும். பாடம் முடிக்கவே நேரமில்லை என்பவர்களுக்கு ஒரே பதில்: இதற்குத் தனி பீரியட் வேண்டாம். நீலி என்ற பேய்க்கு அஞ்சிய வணிகனுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பழையனூர் வேளாளர் எழுபது பேர் தீயில் இறங்கிய கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கேட்டு வியக்கலாம், நாளைக் காலை செய்ய அதில் ஒன்றுமில்லை. ஆனால் பென்சில் முனை உடைந்து விழிப்பவனுக்கு ஒரு பென்சில் நீட்டலாம். 1960-இல் நம் பக்கத்துத் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் வீட்டுப் பேச்சை யாராலும் பிரிக்க முடியவில்லை. தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கையில் 'ழ'கரத்தில் திணறினால், பின் பெஞ்சு சிரிக்காமல் காத்திருக்கலாம். காத்திருப்பதும் உதவிதான், சொல்லப்போனால் அதுதான் கடினம்.

ஒரு ஆட்சேபத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. தன் ஆளுக்கு உதவுவது யாருக்கும் சுலபம். சாதியைக் காட்டக் கையில் கட்டிய கயிற்றின் நிறம் பார்த்து நீளும் கையை அன்பு என்று சொல்ல முடியுமா? 2023-இல் நாங்குநேரியில் மாணவன் வெட்டுப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிறுகளைத் தடை செய்யவும் அகரவரிசைப்படி உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. பக்கத்தில் யார் என்பதைப் பெயரின் முதலெழுத்து தீர்மானிக்கும்போதுதான் பென்சில் யாரிடமும் போகும். அதனால் முதலில் இருக்கைகளை மாற்று. குப்பை அள்ளும் முறையும் எல்லோருக்கும் வரட்டும். 'நல்ல பிள்ளை' என்று சொல்லிச் சொல்லி ஒருத்தன் தலையிலேயே கட்டாதே.

பரிசுக்கு வைத்த பணத்தில் ஒரு டப்பா பென்சில் வாங்கி மேசைமேல் வை. யார் எடுத்தார்கள் என்று குறித்து வைக்காதே.

அன்புடன்,
அண்ணன்