சீட்டு பறந்தது, போல்ட்டு நின்றது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர் என்றது வானிலைத் துறை. அந்த இரவைப் பற்றி டெல்டாவில் யாரிடம் கேட்டாலும் முதலில் தென்னையைத்தான் சொல்வார்கள். கூரைக்கு இரண்டாவது இடம்தான். சாய்ந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை அப்புறப்படுத்த 500 என்று அரசு அறிவித்தது. முழுதாகச் சேதமான குடிசைக்கு 10,000, பகுதி சேதத்துக்கு 4,100. ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொகை ஒரு பக்கத்துக் கூரைக்குக்கூடக் காணாது. எனவே கடன் வாங்கினார்கள், நகையை அடகு வைத்தார்கள். இன்சூரன்ஸ் என்ற ஒன்று தங்கள் வீட்டுக்கும் இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றவே இல்லை.

பட்டுக்கோட்டையை அடுத்த ஒரு கிராமத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அது தோன்றியது. அவருக்குத் தோன்றியது என்பதைவிட, பேரூராட்சியில் வேலை பார்க்கும் அவர் மருமகன் போனில் சொன்னார்: "மாமா, வீட்டுக் கடன் வாங்கினீங்கள்ல, பேங்குக்காரங்க சும்மா விட்டிருக்க மாட்டாங்க. பாலிசி ஒண்ணு போட்டிருப்பாங்க, கேட்டுப் பாருங்க."

கேட்டார். இருந்தது. கடன் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கழிந்திருந்தது. பாஸ்புக்கில் வரியாக வந்து போன அதை யாரும் கவனிக்கவில்லை. பாலிசிப் பத்திரம் கிளையில் அவர் கோப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக் கடன் உள்ளவர்கள் புயல் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே அந்தப் பத்திரத்துக்கு நகல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மின்சாரமும் சிக்னலும் இல்லாத நாட்களில் கிளைக்குப் போய் நின்றால் ஒன்றும் நடக்காது.

அவர் வீட்டின் முன்பகுதி மங்களூர் ஓடு. பின்னால் சமையலறைக்கும் சாமான் அறைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. புயலின் கண் கடந்த பாதையை ஒட்டிய ஊர்களில் காற்று இரண்டு தவணையாக வந்தது. முதலில் வடக்கிலிருந்து, நடுவே கொஞ்சம் அடங்கல், பிறகு தெற்கிலிருந்து. முதல் காற்று ஓட்டைக் கிளப்பியது. அடங்கிவிட்டது என்று நம்பிக் கதவைத் திறந்த வீடுகளில் இரண்டாவது காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து நெம்பியது. மேலே போகும் காற்று கூரையை உறிஞ்சி இழுக்கும், உள்ளே புகுந்தது தள்ளும். இரண்டும் சேர்ந்தால் எந்தக் கூரையும் திணறும். காற்று வரும் திசைக் கதவு, சன்னல்களைப் புயல் முழுதாக ஓயும்வரை தாழிட்டு வைப்பது கூரைக்குச் செய்யும் செலவில்லாத வைத்தியம்.

விடிந்ததும் ஊரே செய்த முதல் வேலை பெருக்குவது. உடைந்த ஓடு, வளைந்த கம்பி, சீட்டுத் துண்டு எல்லாம் தெருவோரம் குவிந்தன. பழைய இரும்புக்காரர்கள் எங்கிருந்துதான் வந்தார்களோ, மூன்று சக்கர வண்டியோடு வந்துவிட்டார்கள். ஆசிரியர் வீட்டில் குவியலை அள்ளப் போனவரைத் தடுத்தவர், அவரிடமே எட்டாம் வகுப்பு படித்த வெல்டர்.

"சார், இந்த இரும்ப குடுத்துடாதீங்க. இதப் பாருங்க."

அவர் கையில் இருந்தது ஒரு ஜே போல்ட். சீட்டைக் குழாய்ச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் கொக்கி அது. அடிப்பக்க வளைவு கிட்டத்தட்ட நேராகியிருந்தது. மரை மட்டும் பழுப்பேறியிருந்தது. தண்டில் துருவே இல்லை. தார் வாஷரும் அதன் மேல் தகர வாஷரும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. சீட்டுத் துண்டில் போல்ட் நுழைந்திருந்த ஓட்டை கிழிந்து சாவித்துவாரம் போல் நீண்டிருந்தது.

"துரு புடிச்சு அறுந்திருந்தா பழசுன்னு சொல்லிடுவாங்க சார். இது காத்து இழுத்த இழுப்பு. கொக்கியே நிமிந்து போச்சு பாருங்க."

கூரைக் கிளைமின் சாரமே அந்த ஒரு போல்ட்டில் இருக்கிறது. எந்த வீட்டுப் பாலிசியும் தேய்மானத்துக்கும் பராமரிப்புக் குறைவுக்கும் பணம் தராது. புயலால் வந்த சேதத்துக்குத் தரும். சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்து பார்க்கும்போது அவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இது காற்று பிய்த்ததா, கரையானும் துருவும் ஏற்கெனவே தின்றிருந்ததா? அதற்குப் பதில் சொல்வது போல்ட்டும் ரீப்பரும் ஓட்டுத் துண்டும்தான். எந்தக் கடிதத்துக்கும் அந்த வலு கிடையாது. புதிதாக உடைந்த மரத்தின் வெட்டு வாய் வெளுப்பாக, சிலும்பு சிலும்பாக இருக்கும். உளுத்த மரம் மொட்டையாக, பொடி உதிர்ந்து நிற்கும். கூரையைச் சரிசெய்ய வந்த ஆளுக்கும் இதே தடயம் வேண்டும், எங்கே பிடிப்பு தோற்றது என்று தெரிந்துகொள்ள. பழுதுபார்க்கும் வேலையையும் கிளைம் வேலையையும் தனித்தனியாக ஓட்டுகிறவர்கள் இரண்டிலும் நஷ்டப்படுவது இதனால்தான்.

ஆசிரியர் போல்ட்டுகளை ஒரு சிமென்ட் சாக்கில் போட்டுக் கட்டினார். உடைந்த சீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் துண்டுகளாகவே கொல்லையில் அடுக்க வைத்தார். இதில் வெல்டரைவிட மருமகனுக்குத்தான் அக்கறை. ஆஸ்பெஸ்டாஸை உலர்ந்த நிலையில் உடைத்தாலும் அறுத்தாலும் பெருக்கினாலும் கண்ணுக்குத் தெரியாத இழை பறந்து நுரையீரலில் போய்த் தங்கும். புயலுக்கு மறுநாள் தெருத் தெருவாகத் துடைப்பத்தால் அதைப் பெருக்கித் தள்ளிய பெண்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

படம் எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் தூரத்திலிருந்து, வீட்டு எண்ணோ அடையாளம் காட்டும் மரமோ தெரிகிற மாதிரி நாலு பக்கமும். அடுத்து ஒவ்வொரு அறையின் உள்ளிருந்து மேல்நோக்கி. கடைசியில் கிட்டத்தில்: போல்ட், கிழிந்த ஓட்டை, முறிந்த கைமரம், பக்கத்தில் ஒரு அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்து. இவ்வளவும் தார்ப்பாய் போடுவதற்கு முன்பு. தார்ப்பாய் போட்டபின் ஒரு படம், மேலும் சேதமாகாமல் காப்பாற்ற முயன்றதற்குச் சான்றாக. அப்படி முயல்வது பாலிசிதாரரின் கடமை. சர்வேயர் வரட்டும் என்று மழையில் நனையவிட்டால் பிற்பாடு வந்த சேதத்தைத் தனியாகக் கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

தார்ப்பாய் போடுவதிலும் பலர் ஏமாந்தார்கள். ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் மூடினால் மேலிருந்து வழியும் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியிலேயே புகும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்துப் போட வேண்டும். ஓரத்தை மரச் சட்டத்தில் இரண்டு சுற்று சுற்றி, அந்தச் சட்டத்தைக் கைமரத்தோடு கட்ட வேண்டும். செங்கல்லைத் தூக்கி மேலே வைப்பது அடுத்த காற்றில் யார் தலையிலாவது விழுவதற்கு.

சர்வேயர் பற்றி ஊரில் ஒரு தவறான எண்ணம் உண்டு, அவர் கம்பெனி ஆள் என்று. கட்டணம் கம்பெனிதான் தருகிறது. ஆனால் அவர் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் பெற்றவர். சண்டைக்காரராக நினைத்து நடத்துவதைவிட, பார்க்க வேண்டியதை எல்லாம் வரிசையாகக் காட்டிவிடுவது புத்திசாலித்தனம். ஆசிரியர் ஒரு நோட்டில் அறைவாரியாக நீள அகலம், போன ஓடு எத்தனை, போன சீட்டு எத்தனை, முறிந்த மரம் எது என்று பழக்க தோஷத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். சர்வேயர் ஏணியில் ஏறி அளந்துவிட்டு வந்து, அந்தப் பட்டியலையே படம் பிடித்துக்கொண்டார். சாக்கைப் பிரித்துக் கொட்டியபோது நாலைந்து போல்ட்டுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பில் தான் பெரிய தலைவலி. தச்சரும் வெல்டரும் சித்தாளும் ரசீது கொடுக்கிற வழக்கம் நம் பக்கத்தில் ஏது? வெள்ளைத் தாளில் வேலை விவரம், அளவு, கூலி, பெயர், போன் எண், கையெழுத்து என்று எழுதி வாங்கினார். ஓடும் மரமும் வாங்கிய கடைகளில் பில் கேட்டு வாங்கினார். இதற்கென்று கடைக்காரர் கொஞ்சம் கூடுதல் சொன்னார்; கொடுத்தார். முடிந்தவரை வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் இந்தத் தாள்களுக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும்.

கம்பெனி சொன்ன தொகை அவர் எதிர்பார்த்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். காரணம் இரண்டு. ஒன்று, சீட்டுப் பகுதியைப் "பழைய கட்டுமானம்" என்று தேய்மானத்தில் கழித்திருந்தார்கள். மற்றொன்று, அந்தக் காலத்துப் பாலிசிகளில் இருந்த பழைய கணக்கு. பத்து லட்சம் பெறுமான கட்டடத்தை ஆறு லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், ஒரு லட்சம் சேதத்துக்கு 60,000தான் கிடைக்கும். கடன் தொகைக்கு மட்டும் பாலிசி போட்டு வைத்த வீடுகள் இந்தக் கணக்கில்தான் மாட்டின. இரண்டாவதை ஒன்றும் செய்ய முடியவில்லை. முதலாவதுக்கு அவர் சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, போல்ட் படங்களையும் வைத்து கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினார். தமிழாசிரியர் அல்லவா, கடிதம் மூன்று பக்கம். சீட்டுக் கணக்கைத் திருத்தி அனுப்பினார்கள்.

அதற்குள் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள், முழுமையாகத் திருப்தி அடைந்து பெற்றுக்கொண்டதாக. அதைப் போட்டால் மேற்கொண்டு வாய் திறக்க முடியாது என்று பயந்து பணத்தையே வாங்காமல் இழுத்தடித்தவர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. அந்த ரசீதில் கையெழுத்திட்டாலும் கூடுதல் தொகை கேட்டுப் போராடும் உரிமை போய்விடாது என்று ஆணையம் 2015 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கம்பெனி பதில் திருப்தியில்லை என்றால், அல்லது ஒரு மாதமாகப் பதிலே இல்லை என்றால், இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இப்போது 50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம்.

எல்லாம் முடிந்து பணம் வந்தபோது இன்னொரு அதிர்ச்சி: அது அவர் சேமிப்புக் கணக்குக்கு வரவில்லை, கடன் கணக்குக்குப் போயிருந்தது. அடமானத்தில் இருக்கும் வீடு என்றால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். பணம் முதலில் அங்கேதான் போகும். கூரைக்குச் செலவழித்த பில்களை வைத்துக் கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுத்துத்தான் விடுவிக்கச் செய்தார். மேலாளர் நல்லவராக இருந்ததால் நடந்தது. கிளைம் எழுதும் அன்றே வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பணம் பழுதுபார்ப்புக்குத்தான் என்று பதிவு செய்து வைத்தால் இந்த அலைச்சல் மிச்சமாகும்.

கூரையை அவர்கள் திரும்பப் போட்ட விதத்தில்தான் வெல்டரின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. சீட்டுக்கு ஜே போல்ட்டை விட்டுவிட்டு, குழாயை இரண்டு பக்கமும் தழுவிப் பிடிக்கும் யு போல்ட் போட்டார், அது நிமிராது. ஓட்டையை அலையின் மேட்டில் போட்டார், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். நடுப்பகுதியைவிட ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் நெருக்கமாகப் போல்ட் போட்டார், காற்று முதலில் பிடுங்குவது அங்கேதான். ஓட்டுப் பகுதியில் கடைசி வரிசைகளை, ஓட்டின் அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாகக் கம்பி விட்டு ரீப்பரோடு கட்டினார்கள். ஓரத்திலும் முகட்டிலும் சிமென்ட் கலவை பூசினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இறவாணத்தைக் குறைத்தார்கள். ஆசிரியரின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "மழத் தண்ணி திண்ணையில அடிக்கும்ங்க" என்றார். அடிக்கத்தான் செய்கிறது.

2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பொதுப் பாலிசி ஒன்று வந்திருக்கிறது, பாரத் கிருஹ ரக்ஷா என்று. புயல், வெள்ளம், நிலநடுக்கம், மரம் விழுதல் எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், தானாகச் சேரும். ஆறு லட்சம், பத்து லட்சம் என்ற பழைய வெட்டு இதில் கிடையாது. இடிபாடுகளை அகற்றக் கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை உண்டு. நிலத்தின் விலையைச் சேர்க்க வேண்டாம்; கட்டடப் பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் போதும். சேதத்தை உடனே தெரிவித்து, 30 நாளுக்குள் கிளைம் படிவம் கொடுக்க வேண்டும். 2024இல் வந்த விதிகளின்படி சர்வேயர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: கூரை எதனால் ஆனது என்பதை. ஓலை, மூங்கில், தார்ப்பாய் கூரைகளைக் கச்சாக் கட்டுமானம் என்று தனியாகவே பார்க்கிறார்கள். வீட்டின் ஒரு பகுதி அப்படி இருந்தால் விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆசிரியர் கடனை அடைத்து முடித்ததும் சொந்தப் பெயரில் இந்தப் பாலிசியை எடுத்தார். விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜென்ட் கூரை என்ற இடத்தில் "கான்கிரீட்" என்று தட்டிவிட்டுப் போகப் பார்த்தார், வேலை சுலபம் என்று. "முன்பக்கம் ஓடு, பின்பக்கம் சீட்டு. அப்படியே அடிங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து அடிக்க வைத்தார் வாத்தியார்.