கோடையிலும் கூடை நிறையுமா?

கேள்வி: தெருக்காரர்கள் சேர்ந்து, கொள்ளிடக்கரை இயற்கை விவசாயி ஒருவருக்கு முன்பணம் கொடுத்து வாராவாரம் காய் வாங்க நினைக்கிறோம். கோடையில் சரிவருமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: வரும். ஆனால் கேரட், முட்டைக்கோஸ் கேட்காதீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடினால் ஜூன் 12-இல்தான் பாசனத்துக்குத் திறப்பார்கள். அதுவரை ஆழ்துளைக் கிணறுதான் கதி. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை தாங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் தக்காளிப் பூ கொட்டிவிடும். வைக்கோல் மூடாக்குப் போட்டு, விடியற்காலையிலேயே தண்ணீர் பாய்ச்சி, வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். கடும் உழைப்பு அது. ஜப்பானில் 1970-களில் வளர்ந்த, உங்கள் திட்டத்தைப் போன்ற ‘தெய்கெய்’ முறையிலும் விளைச்சல் குறைந்தால் சாப்பிடுகிறவர்களும் நட்டத்தில் பங்கேற்பார்கள். கூடை பாதியாக வந்தாலும் முழுப்பணம் கொடுங்கள். அதையும் பங்குனியிலேயே கொடுத்தால், சொட்டுநீர்க் குழாய்க்கு அவர் கடன் வாங்க வேண்டியிருக்காது.