ஆங்கிலச் சொல்வளம்: துண்டும் துணுக்கும்

மாணவர்களே, நாம் ‘துண்டு’ என்று பொதுவாகச் சொல்வதை ஆங்கிலம் பல சொற்களாற் பிரித்துக் கூறும். வேரை அறிந்தால் கருத்து மறக்காது.

‘பிராக்மன்ற்’ என்பது, ‘உடைத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கணிதத்தில் பின்னத்தைக் குறிக்கும் ‘பிராக்சன்’, எலும்பு முறிவைக் குறிக்கும் ‘பிராக்சர்’ ஆகியனவும் அதே வேரினவே. எனவே உடைந்த பானையின் ஓட்டுக்கு இது பொருந்தும். தையற்கடை வெட்டுத்துணிக்கு ‘ஸ்கிராப்’ என்று எழுதுக. பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்த இச்சொல் முதலில் உண்டு எஞ்சிய உணவைக் குறித்தது. இன்று பழைய இரும்பும் ஸ்கிராப்தான்.

பாண் துகள் ‘கிறம்’. ஈற்றிலுள்ள ‘பீ’ எழுத்து ஒலிக்காது. எழுத மறந்தாலோ புள்ளி போய்விடும்.

‘சிட்’ நம் பக்கத்துச் சொல். ஹிந்தியின் ‘சிட்டி’ ஆங்கிலேயர் வாயிற் குறுகியது. கடைக்காரர் எழுதித் தரும் துண்டு அதுவே.

‘ஷ்ரப்னல்’ ஓர் ஆளின் பெயர். ஹென்றி ஷ்ரப்னல் என்ற பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி 1784இல் சிறு குண்டுகள் நிரப்பிய ஷெல் ஒன்றை உருவாக்கினார். பின்னர் எந்த ஷெல்லின் சிதறலுக்கும் அப்பெயரே ஆயிற்று. 1987இல் வடமராட்சிப் போரைக் கண்ட கரவெட்டிப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘செல் துண்டு’ என்றாற் போதும். அதை இன்றும் உடலிற் சுமப்போர் உளர்.

பயிற்சி: கிழிந்த கொப்பித் தாளுக்கு மேலுள்ளவற்றுள் எது பொருந்தும்? வாக்கியத்தில் அமைக்குக.